எதில் கை வைத்திருக்கிறார்கள்? போர்டு கேமின் புதிய பதிப்பை வாங்கும் முன்

அச்சகத்தில் ஒரு ரீபிரிண்ட் ஆர்டர் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, "எதில் கை வைத்திருக்கிறீர்கள்?" என்பதுதான். எழுத்து மட்டும் மாறியிருந்தால், பழைய பிளேட்டுகள் பத்திரமாக இருக்கும் பட்சத்தில், கறுப்பு பிளேட் ஒன்றைப் புதிதாகப் போட்டால் வேலை முடிந்தது. படம் மாறினால் நிறத்துக்கொன்றாக இருக்கும் நாலு பிளேட்டும் புதிது. அளவோ வெட்டோ மாறினால் வெட்டும் அச்சான டையையே புதிதாகச் செய்ய வேண்டும். மூன்றுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வாடிக்கையாளர் எப்போதும் "சின்ன சேஞ்சுதாங்க" என்றுதான் சொல்வார். சின்னதா பெரியதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

போர்டு கேமுக்குப் புதிய பதிப்பு வரும்போதும் நான் இதே கேள்வியோடுதான் உட்காருகிறேன். கை வைத்தது விதியிலா, அட்டையிலா, பெட்டி முழுவதிலுமா? விதி என்றால் காசே செலவில்லை. அட்டை என்றால் கொஞ்சம் செலவு. பெட்டி முழுவதும் என்றால்தான் "வாங்கலாமா" என்ற பேச்சுக்கே இடம். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் புது அட்டைப்படத்தைப் பார்த்து மயங்கி ஆர்டர் போடுகிறவர்கள்தான் அதிகம்.

நான் இருப்பது சிவகாசி. ஒரு ஆஃப்செட் அச்சகத்தில், அச்சுக்கு முந்தைய வேலைகளைப் பார்க்கும் பிரீ-பிரஸ் பிரிவில் வேலை. ஞாயிறு மதியம் அண்ணன் வீட்டில் ஆட்டம் நடக்கும். அண்ணன், மதினி, அவர்கள் மகன், அம்மா, நான் என்று ஐந்து பேர். ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியானதும் எங்கள் ஊரில் ஆர்டர் குவிய ஆரம்பித்துவிடும். அதிலிருந்து டிசம்பர் கடைசி வரை ஞாயிறும் வேலை நாள்தான். ஆக, வருடத்தில் எங்களுக்கு ஆடக் கிடைக்கிற மதியங்கள் குறைவு. ஒரு பெட்டி அலமாரியில் தூங்குமா, மேசைக்கு வருமா என்ற கணக்கைப் போடாமல் நான் எதையும் வாங்குவதில்லை.

நாலு ஆட்டங்களில் எங்கள் வீட்டு முடிவுகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்கஸோனுக்கு விதியை மட்டும் மாற்றிக்கொண்டோம். டொமினியனுக்கு அட்டைப் பொதி மட்டும் வாங்கினோம். அக்ரிகோலாவில் பழைய பெட்டியையே வைத்துக்கொண்டோம். செவன் வொண்டர்ஸை மட்டும் முழுதாக மாற்றினோம். ஏன் இப்படி நாலும் நாலு விதமாகப் போனது என்பதுதான் இனி வருவது.

முதலில், உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு?

சிரிக்காதீர்கள், பலருக்குத் தெரியாது. பரிசாக வந்த பெட்டி, வெளிநாட்டிலிருந்து மாமா வாங்கி வந்த பெட்டி, கைமாறி வந்த பெட்டி என்று ஆளுக்கொரு கதை இருக்கும். விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலோ பெட்டியின் அடியிலோ பதிப்புரிமை ஆண்டு பொடி எழுத்தில் இருக்கும். அதைப் பாருங்கள். ஆனால் அது மட்டும் போதாது. ஒரே பதிப்பு பல தடவை மறு அச்சாகும். மறு அச்சில் எழுத்துப்பிழைகளைத் திருத்துவார்களே தவிர, அது புதிய பதிப்பாகிவிடாது.

அதனால் உள்ளே இருக்கும் பொருளை வைத்து அடையாளம் காண்பதுதான் நிச்சயம். டொமினியன் பெட்டியில் வுட்கட்டர் அட்டை இருந்தால் அது முதல் பதிப்பு. நோய்ப்பரவலைத் தடுக்கும் ஆட்டமான பெண்டமிக்கில் கதாபாத்திர அட்டைகள் ஐந்து இருந்தால் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு, ஏழு இருந்தால் 2013இலோ அதற்குப் பிறகோ வந்தது. பெட்டியில் 'தி செட்லர்ஸ் ஆஃப் கட்டான்' என்று முழுப் பெயரும் இருந்தால் அது 2015க்கு முந்தையது. அதன் பிறகு வெறும் 'கட்டான்' ஆகிவிட்டது. போர்டுகேம்கீக் தளத்தில் ஒவ்வொரு ஆட்டத்தின் பக்கத்திலும் பதிப்புகளின் பட்டியல் படத்தோடு இருக்கிறது. சந்தேகம் வந்தால் அதோடு ஒப்பிடலாம்.

இரண்டு விதிப் புத்தகங்களையும் அருகருகே வையுங்கள்

பெரும்பாலான நிறுவனங்கள் விதிப் புத்தகத்தை பிடிஎஃப் ஆக இலவசமாகவே தருகின்றன. பழையதையும் புதியதையும் இறக்கி, எங்கள் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது போல அருகருகே வைத்துப் படியுங்கள். விளம்பரத்தில் இருக்கும் 'மேம்படுத்தப்பட்ட அனுபவம்' என்ற வரியை நம்பாதீர்கள். விதிப் புத்தகத்தில் பொருட்பட்டியல் என்று ஒரு பக்கம் உண்டு. முதலில் அதைப் பாருங்கள். எத்தனை அட்டை, எத்தனை டோக்கன், எத்தனை பேர் ஆடலாம் என்பதெல்லாம் அங்கே எண்ணாக இருக்கும். எண் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்து, புள்ளி கணக்கிடும் பக்கம். ஆட்டத்தின் நடுவில் வரும் விதிகளை விட, கடைசியில் புள்ளி போடும் இடத்தில்தான் பதிப்புக்குப் பதிப்பு கை வைப்பார்கள். கார்கஸோன் இதற்கு நல்ல உதாரணம். கிளாவுஸ்-யூர்கன் விரெடே உருவாக்கி 2000இல் வந்தது. 72 சதுர அட்டை ஓடுகளை வைத்து ஊரையும் சாலையையும் கட்டிக்கொண்டே போகும் ஆட்டம். முதல் விதியில், இரண்டே ஓடுகளில் முடியும் குட்டி நகரத்துக்கு 2 புள்ளிதான். பிந்தைய விதியில் அதற்கும் மற்ற நகரங்களைப் போலவே ஓட்டுக்கு 2 வீதம் 4 புள்ளி. வயலில் படுக்கவைக்கும் விவசாயிக் காய்க்குப் புள்ளி போடும் முறையும் மாறியது. முன்பு, ஒரு நகரத்தைச் சுற்றி யாருக்கு விவசாயிகள் அதிகம் என்று நகரம் நகரமாக எண்ண வேண்டும்; இப்போது வயலை எடுத்து, அந்த வயல் தொடும் முடிந்த நகரம் ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளி. பழைய முறையில் எங்கள் வீட்டில் கடைசிக் கணக்குக்கே சண்டை வரும். புதியது நாலு வரி.

இதற்கு நாங்கள் செலவழித்தது ஒரு ஏ4 தாளும் இரண்டு நிமிடமும். புதிய விதியை அச்சடித்துப் பழைய பெட்டிக்குள் வைத்தேன். 2021இல் படங்களையெல்லாம் புதிதாக வரைந்து ஒரு பதிப்பு வந்தது, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணன் மகன் பார்த்துவிட்டு, "அத்தை, நம்மளதுலயும் ஆடு மாடு வரைஞ்சுக்கலாமா?" என்று கேட்டான். அதோடு பேச்சு முடிந்தது. விதிக்காக மட்டும் பெட்டி வாங்காதீர்கள். விதியை விற்க முடியாது என்பதால்தான் அதைப் புது அட்டைப்படத்தோடு சேர்த்து விற்கிறார்கள்.

அட்டை மாறியிருந்தால்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். டொமினியனை எடுத்துக்கொள்கிறேன். காசு அட்டைகளைக் கொடுத்து மேசையிலிருந்து புதிய அட்டைகளை வாங்கி, அவரவர் தன் கட்டை வளர்த்துக்கொண்டே போகும் ஆட்டம். டொனால்ட் எக்ஸ். வக்கரினோ உருவாக்கியது, 2008இல் வந்தது, அடுத்த ஆண்டே ஜெர்மனியின் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' (ஆண்டின் சிறந்த ஆட்டம்) விருதை வாங்கியது. 500 அட்டைகள். 2016இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது ஆறு வகை அட்டைகளை எடுத்துவிட்டார்கள்: அட்வென்சரர், சான்ஸலர், ஃபீஸ்ட், ஸ்பை, தீஃப், வுட்கட்டர். புதிதாக ஏழு வந்தன: ஆர்ட்டிசன், பேண்டிட், ஹார்பிஞ்சர், மெர்ச்சன்ட், போச்சர், சென்ட்ரி, வாஸல்.

இதைப் பட்டியலாகப் படித்தால் பெரிய மாற்றம் போலத் தெரியும். உங்கள் மேசையில் வைத்துப் பாருங்கள். எடுத்துவிட்ட ஆறில் எதையாவது நீங்கள் ஆசையாக வாங்கியதுண்டா? எங்கள் வீட்டில் தீஃப் அட்டையை மதினி மட்டும்தான் வாங்குவார். அடுத்தவரின் காசு அட்டையைப் பறிக்கும் அட்டை அது. ஆனால் ஆட்டத்தின் தொடக்கத்தில் எல்லாரிடமும் இருப்பது காப்பர் என்ற மதிப்புக் குறைந்த காசு. அதைப் பறித்தால் பறிகொடுத்தவனுக்குத்தான் நல்லது, குப்பை கழிந்து கட்டு சுத்தமாகிவிடும். அண்ணன் மதினியிடம் காப்பரைப் பறிகொடுத்துப் பறிகொடுத்தே ஜெயிப்பான். அட்வென்சரர் 6 காசு. அந்தக் காசு கையில் இருந்தால் யாரும் கோல்டுதான் வாங்குவார்கள். ஆக, போன அட்டைகள் போனதில் நஷ்டமில்லை. வந்த ஏழில் சென்ட்ரியும் ஆர்ட்டிசனும் நிஜமாகவே ஆட்டத்தைச் சுவையாக்குகின்றன.

முக்கியமான விஷயம், அந்த ஏழு வகையையும் மட்டும் தனிப் பொதியாக வெளியிட்டார்கள். பழைய பெட்டி வைத்திருப்பவருக்கு அது போதும். எனவே அட்டை மாறியிருக்கிறது என்று தெரிந்ததும் தேட வேண்டியது புதிய பெட்டியை அல்ல, இந்த மாதிரி பொதி இருக்கிறதா என்பதை. பெண்டமிக்கின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு வந்தபோதும், பழைய அட்டைகளையும் புதிய அட்டைகளையும் ஒட்டவைக்கத் தனிப் பொதி வந்தது. இந்த மாதிரிப் பொதிகள் ரொம்ப நாள் அச்சில் இருக்காது. புதிய பதிப்பு வந்த முதல் ஓரிரு வருடத்திலேயே வாங்கிவிட வேண்டும். அப்புறம் தேடினால் பெட்டி விலைக்கு வரும்.

சில அட்டைகளில் ஒரு சொல் மட்டும் மாறியிருக்கும். டொமினியனில் த்ரோன் ரூம், மைன், மனிலெண்டர் ஆகியவற்றில் 'செய்ய வேண்டும்' என்றிருந்ததை 'செய்யலாம்' என்று மாற்றினார்கள். இதற்குப் புது அட்டை எதற்கு? ஆட்டம் தொடங்கும் முன் ஒரு தடவை வாயால் சொல்லிக்கொண்டால் போதும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இன்ட்ரிக் என்ற டொமினியன் பெட்டியின் முதல் பதிப்பில் காசு அட்டைகளும் புள்ளி அட்டைகளும் சேர்ந்தே வந்தன. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஆடலாம். இரண்டாம் பதிப்பில் அவற்றை எடுத்துவிட்டார்கள். பழைய இன்ட்ரிக் மட்டும் வைத்திருக்கும் ஒருவர் அதை விற்றுவிட்டுப் புதிய இன்ட்ரிக் வாங்கினால், ஆட முடியாத ஒரு பெட்டிதான் கையில் இருக்கும். பொருட்பட்டியலைப் பாருங்கள் என்று மேலே சொன்னது இதற்குத்தான்.

முதுகுப் பக்கம்

என் தொழிலில் நான் அறிந்த ஒரு உண்மை: ஒரே பிளேட், ஒரே மெஷின், ஒரே இங்க் என்றாலும் வேறு நாளில் ஓட்டினால் ஷேட் மாறும். பேப்பர் லாட் மாறியிருக்கும், இங்க் கொஞ்சம் தூக்கலாகப் போயிருக்கும், மேலே போட்ட வார்னிஷ் மஞ்சளடிக்கும். இங்க் அடர்த்தியை டென்சிட்டோமீட்டர் வைத்து அளந்தாலும் கொஞ்சம் நகரத்தான் செய்யும். அப்படியிருக்க, எட்டு வருடம் கழித்து வேறு ஆலையில் அடித்த அட்டையின் முதுகு உங்கள் பழைய அட்டையோடு அச்சு அசலாக ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது. அதே டிசைன் என்றாலும்கூட. சில பதிப்புகளில் டிசைனையே மாற்றிவிடுவார்கள். அது வேறு கதை.

சோதித்துப் பார்ப்பது சுலபம். பழைய அட்டை ஒரு இருபதையும் புதிய அட்டை நாலையும் கலந்து, முகம் கீழே இருக்கும்படி மேசையில் பரப்புங்கள். டியூப் லைட்டுக்கு நேராகப் பார்க்காமல், தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் பாருங்கள். பளபளப்பில் இருக்கும் வித்தியாசம் அப்போதுதான் தெரியும். முதுகில் வெள்ளை ஓரம் இருந்தால் அதன் அகலத்தைப் பாருங்கள். கட்டிங்கில் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கண்ணில் படும். பிறகு எல்லாவற்றையும் அடுக்கி, கட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் வருடுங்கள். தாளின் எடையைச் சொல்லும் ஜிஎஸ்எம் வேறாக இருந்தால் தடிமன் விரலுக்கே தெரியும். கடைசியாக வீட்டிலுள்ள ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "புதுசு எதெதுன்னு எடு பார்ப்போம்" என்று விடுங்கள். எங்கள் வீட்டு டொமினியனில் அண்ணன் மகன் நாலில் நாலையும் எடுத்தான்.

ஆனால் எடுத்துவிட்டான் என்பதாலேயே அந்த அட்டைகள் உதவாது என்றில்லை. அந்த முதுகு ஆட்டத்தில் யார் கண்ணில், எப்போது படுகிறது என்பதுதான் கேள்வி. பெண்டமிக்கில் கதாபாத்திர அட்டை தொடக்கத்திலேயே திறந்துவைக்கப்படுகிறது. அதன் முதுகு பச்சையாக இருந்தால் என்ன, சிவப்பாக இருந்தால் என்ன? ஆனால் ஊர்களின் பெயர் போட்ட அட்டைகள் ஒரே கட்டாகக் குலுக்கப்படுகின்றன. அங்கே வேறுபாடு இருக்கக் கூடாது. டொமினியனில் வாங்கும் ஒவ்வொரு அட்டையும் உங்கள் கட்டுக்குள்தான் போகிறது; மேலே இருப்பது புது அட்டை என்று தெரிந்தால் அடுத்து என்ன வரும் என்பது பாதி தெரிந்த மாதிரி. செவன் வொண்டர்ஸில் கையிலுள்ள அட்டைகளைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கைமாற்றிக்கொண்டே போவீர்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் அட்டைகளின் முதுகு முழுநேரமும் தெரியும். கட்டானில் வளர்ச்சி அட்டைக் கட்டு மட்டும் சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைக்கலாம். திருடனை நகர்த்தியவர் உங்கள் கையிலிருந்து ஒன்றை உருவும்போது மூலப்பொருள் அட்டைகளின் முதுகும் கணக்கில் வரும்.

முதுகு பார்க்கப்படும் ஆட்டம் என்றால் அட்டையைச் செருகும் பிளாஸ்டிக் உறையான ஸ்லீவ், அதுவும் ஒளி ஊடுருவாத, பின்பக்கம் நிறமுள்ளதுதான் மருந்து. தெளிவான ஸ்லீவ் போட்டுப் பயனில்லை. அளவைச் சரியாகப் பாருங்கள். டொமினியன் அட்டை 59×91 மில்லிமீட்டர். செவன் வொண்டர்ஸின் முதல் பதிப்பு அட்டை 65×100. கடையில் 'ஸ்டாண்டர்டு' என்று எழுதியிருப்பதை நம்பாமல் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். 500 அட்டைக்கு ஸ்லீவ் போடுவது ஒரு செலவு. போட்ட பிறகு பெட்டி மூடாது என்பது அடுத்த தொல்லை. கார்கஸோன் மாதிரி ஓடு எடுக்கும் ஆட்டத்தில் இந்தக் கவலையே வேண்டாம். எல்லா ஓட்டையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கைவிட்டு எடுத்தால் முதுகை யாரும் பார்ப்பதில்லை. ஜவுளிக்கடையில் கொடுத்த மஞ்சப்பையே போதும்.

எக்ஸ்பான்ஷன் வைத்திருப்பவர்களுக்கு

ஒரே ஒரு அடிப்படைப் பெட்டி வைத்திருப்பவருக்கு மேம்படுத்துவது சின்ன முடிவு. அதோடு சேர்த்து ஆடும் கூடுதல் பெட்டிகளான எக்ஸ்பான்ஷன் மூன்று வைத்திருப்பவருக்கு அது குடும்பத்தோடு வீடு மாறுவது. புதிய அடிப்படைப் பெட்டியோடு பழைய எக்ஸ்பான்ஷன் சேராது என்றால், நீங்கள் பார்க்க வேண்டிய விலை அந்த ஒரு பெட்டியின் விலை அல்ல.

செவன் வொண்டர்ஸ் அப்படிப்பட்டது. அந்த்வான் போசா உருவாக்கி 2010இல் வந்தது. 2011இல் தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கான ஆட்டங்களுக்குத் தரும் 'கென்னர்ஷ்பீல் டெஸ் யாரெஸ்' என்ற விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது வாங்கியது இதுதான். 2020இல் வந்த புதிய பதிப்பு பழைய எக்ஸ்பான்ஷன்களோடு சேராது. லீடர்ஸ், சிட்டீஸ், அர்மாடா ஆகியவற்றைப் புதிய வடிவில் மறுபடியும் வெளியிட்டார்கள்; 2023இல் வந்த எடிஃபிஸ் புதிய பதிப்புக்கு மட்டுமே.

என்னிடம் பழைய அடிப்படைப் பெட்டியும் லீடர்ஸும் இருந்தன. இரண்டையும் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கியதற்கு ஒரே காரணம் அம்மா. இந்த ஆட்டத்தில் ஒரு கட்டடம் கட்டினால் பிறகு வரும் வேறொரு கட்டடம் இலவசமாகக் கிடைக்கும். பழைய அட்டைகளில் அந்தத் தொடர்பை ஆங்கிலப் பெயராக எழுதியிருந்தார்கள்: பாத்ஸ் வைத்திருந்தால் அக்விடக்ட் சும்மா வரும், தியேட்டர் இருந்தால் ஸ்டாச்சு சும்மா வரும். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். ஒவ்வொரு சுற்றிலும் "ஏம்மா, இதுக்கு எது சும்மா வரும்?" என்று என்னைக் கேட்க வேண்டியிருந்தது. கேட்டால் கையில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்துவிடும். கேட்காவிட்டால் அவருக்கு இலவசம் போய்விடும். புதிய பதிப்பில் பெயருக்குப் பதிலாகச் சின்னம். இந்த அட்டையில் ஒரு சின்னம், அந்த அட்டையிலும் அதே சின்னம் என்றால் சும்மா வரும், அவ்வளவுதான். அம்மா இப்போது யாரையும் கேட்பதில்லை. மதினியை விட அதிகமாக ஜெயிக்கிறார் என்பது மதினிக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஆங்கிலம் வாசிக்கும் ஐந்து பேர் ஆடும் வீட்டில் இதே மாற்றத்துக்காக நான் காசு கொடுத்திருக்க மாட்டேன். எந்தப் பதிப்பு நல்லது என்று பொதுவாகக் கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொன்னால் சொல்லலாம். நிறம் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர் உங்கள் கூட்டத்தில் இருக்கிறாரா? அப்படியென்றால் நிறத்தோடு சின்னத்தையும் சேர்த்திருக்கும் பதிப்பு அவருக்குப் பெரிய விஷயம். வயதானவர் இருக்கிறாரா? எழுத்தின் அளவைப் பாருங்கள். ரயில் பாதை போடும் ஆட்டமான டிக்கெட் டு ரைடின் அமெரிக்க வரைபடப் பெட்டி 2004இல் வந்தபோது அட்டைகள் கையில் பிடிக்கவே சிரமமான பொடி அளவில் இருந்தன. 2006இல் '1910' என்ற எக்ஸ்பான்ஷன் பெரிய அட்டைகளோடு வந்தது. அடிப்படைப் பெட்டியை மாற்றாமலே குறை தீர்ந்தது.

எத்தனை பேர் ஆடலாம் என்பதையும் மறக்காதீர்கள். ஊவே ரோசன்பெர்க்கின் அக்ரிகோலா, விவசாயக் குடும்பம் ஒன்று நிலம் உழுது, ஆடு மாடு வளர்த்து, அறுவடைக்கு அறுவடை வயிற்றுக்குச் சோறு தேடும் ஆட்டம். 2007இல் வந்த பெட்டியில் ஐந்து பேர் வரை ஆடலாம். 2016இல் வந்த திருத்திய பதிப்பில் நாலு பேர்தான். ஐந்தாவது ஆளுக்குத் தனி எக்ஸ்பான்ஷன். பழைய பெட்டியில் தொழில் அட்டைகளும் சிறு மேம்பாட்டு அட்டைகளுமாக 300க்கு மேல் இருந்தன; புதியதில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, மேலும் வேண்டுமென்றால் தனித்தனி டெக்காக வாங்க வேண்டும். பதிலுக்கு என்ன தருகிறார்கள்? ஆடு ஆடு மாதிரியும் மாடு மாடு மாதிரியும் வெட்டிய மரத்துண்டுகள், தெளிவான பலகை, சீர்செய்த அட்டைகள். என்னிடம் இருப்பதில் வெள்ளைக் கட்டை ஆடு, கறுப்புக் கட்டை பன்றி, பழுப்புக் கட்டை மாடு. ஐந்து பேர் வீட்டுக்கு நாலு பேர் பெட்டி எதற்கு? கட்டையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக ஆரம்பிக்கும் இரண்டு மூன்று பேர் கொண்ட வீட்டுக்கு நான் புதிய பதிப்பையே சொல்வேன்.

ஒட்டுப்போட்டு ஆடிப் பாருங்கள்

பணம் கட்டும் முன் புதிய பதிப்பைப் பழைய பெட்டியிலேயே ஆடிப் பார்க்கலாம். விதி என்றால் நேரடியாகவே ஆடலாம். அட்டை என்றால், பழைய ஸ்லீவுக்குள் வேண்டாத அட்டையின் முன்னால் ஒரு துண்டுத் தாளைச் செருகி, புதிய அட்டை என்ன செய்யும் என்பதைப் பேனாவால் எழுதுங்கள். தமிழில் எழுதினால் இன்னும் நல்லது. 70 ஜிஎஸ்எம் தாளே போதும். தடித்த தாள் வைத்தால் கட்டு உப்பி, எது புதிது என்று தெரிந்துவிடும். டொமினியனில் வுட்கட்டர் பத்தையும் இப்படித்தான் மெர்ச்சன்ட் ஆக்கி ஆடிப் பார்த்தோம். ஆடி முடித்ததும் யாராவது தானாக "இதோட இன்னொரு ஆட்டம்" என்று கேட்டால் வாங்கலாம். யாரும் எதுவும் சொல்லாமல் தட்டைக் கழுவப் போய்விட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

பொருளின் தரம் மட்டுமே குறை என்றால் அதற்குப் பதிப்பு மாற்றம் தேவையே இல்லை. டெராஃபார்மிங் மார்ஸ் என்ற ஆட்டத்தில் ஆட்டக்காரர் பலகை மெல்லிய தாள். அதன்மேல் கனசதுரக் கட்டைகளை வைத்து உற்பத்தியைக் குறிக்க வேண்டும். மேசையை யாராவது முட்டினால் மொத்தக் கணக்கும் நகர்ந்துவிடும். 2 மில்லிமீட்டர் கிரே போர்டில் கட்டங்களின் அளவுக்குச் சதுரச் சதுரமாக ஓட்டை வெட்டி, பலகையின் மேல் வைத்துவிட்டேன். கட்டை குழிக்குள் உட்கார்ந்துகொள்கிறது. என்னிடம் டை கட்டிங் மெஷின் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். கட்டர் பிளேடும் ஸ்டீல் ஸ்கேலும் இருந்தால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை. இரண்டு அடுக்குப் பலகை கடைகளிலும் தனியாகக் கிடைக்கிறது.

கணக்கு

ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள். புதிய பெட்டியின் விலை, அனுப்பும் செலவோடு. அதோடு சேர்க்க வேண்டிய எக்ஸ்பான்ஷன்களின் விலை. ஸ்லீவ் வேண்டுமென்றால் அது. இதிலிருந்து பழையதை விற்றால் வரும் தொகையைக் கழியுங்கள். உதாரணத்துக்கு, பெட்டி 4,000, மறுபடி வாங்க வேண்டிய எக்ஸ்பான்ஷன் 2,500, ஸ்லீவ் 800, பழையது 2,000க்குப் போகும் என்று வைத்துக்கொண்டால் நிகரமாக 5,300 ரூபாய். 4,000 ரூபாய் பெட்டி என்று நினைத்துத்தான் நீங்கள் ஆரம்பித்தீர்கள். அந்தப் பணத்துக்கு இதுவரை ஆடாத வேறொரு ஆட்டம் வரும் என்றால் எது வேண்டும் என்று வீட்டில் கேளுங்கள். பெரும்பாலும் புது ஆட்டத்தைத்தான் சொல்வார்கள்.

விற்பதென்று முடிவு செய்தால், புதிய பதிப்பு கடைக்கு வரும் முன்பே விற்பது நல்லது. அறிவிப்பு வந்ததும் பழைய அடிப்படைப் பெட்டியின் விலை இறங்க ஆரம்பித்துவிடும். எக்ஸ்பான்ஷன் விஷயம் நேர்மாறு: இனி அச்சாகாது என்று தெரிந்ததும் பழைய பதிப்போடு இருந்துவிட முடிவு செய்தவர்கள் அதைத் தேடி வருவார்கள். இரண்டையும் சேர்த்து மொத்தமாக விற்றால் எக்ஸ்பான்ஷனுக்கு உரிய விலை கிடைக்காது. தனித்தனியாகப் போடுங்கள். எந்தப் பதிப்பு என்பதை முதல் வரியிலேயே எழுதி, அட்டையின் முதுகைப் படமெடுத்துப் போடுங்கள். வாங்குகிறவருக்கு வேண்டியது அந்தப் படம்தான்.

வாங்கும்போதும் இதே கதைதான். கடைக்காரர்கள் பலர் எல்லாப் பதிப்புக்கும் ஒரே படத்தைப் போட்டு வைத்திருப்பார்கள். ஆர்டர் போடும் முன் பெட்டியின் பின்பக்கத்தையும் அடியில் உள்ள ஆண்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எக்ஸ்பான்ஷன் என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரு முறை எனக்கு வேறு பதிப்பின் எக்ஸ்பான்ஷன் வந்து சேர்ந்தது. பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டோம் என்பது அந்தக் கடையின் விதி. உறை மேலே இருக்கும்போதே பெட்டியின் அடியைப் பார்த்ததால் திருப்ப முடிந்தது. பார்சல் வந்ததும் முதலில் அடியைப் பாருங்கள், ஆண்டு சரியாக இருந்தால் மட்டும் உறையைக் கிழியுங்கள். கிழித்த அன்றே பொருட்பட்டியலை வைத்து எண்ணிவிடுங்கள். குறைந்த டோக்கனுக்கு எழுதிக் கேட்டால் மாற்று அனுப்பும் நிறுவனங்கள் உண்டு, ஆனால் ரசீது கேட்பார்கள்.